கார்த்திகைக் குழியும் மார்கழி மேடும்

எங்கள் குழுவினருள் ஒருவருக்கு இரும்புலியூரில் வீடு. வீட்டின் பின்புறம் கொல்லை என்று சொல்லிக்கொள்ளப் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம் உண்டு. ஒரு முருங்கை, இரண்டு வாழை, துவைகல், மதிலோரம் இடுப்பளவு ஆழத்தில் ஓர் எருக்குழி. மாதம் ஒரு முறை நூல்களைப் பற்றிப் பேச அங்கே கூடுவது எங்கள் வழக்கம். பேச்சு நாவல்களையும் கல்வெட்டுகளையும் விட்டு அந்தக் குழியின் பக்கம் திரும்பியது, உள்ளதைச் சொன்னால், நாற்றத்தினால்தான்.

நடந்தது இது. ஒரு கார்த்திகைத் தொடக்கத்தில், குளிர்காலம் வருகிறதே, குழியிலுள்ள குப்பை மட்காமல் நின்றுவிடுமோ என்ற கவலை எங்களைப் பிடித்துக்கொண்டது. பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட ஓர் ஆங்கிலத் தோட்டக்கலை நூல், குளிர் தொடங்குமுன் குவியலைக் கனமாகப் போர்த்தி வெப்பத்தைக் காத்துக்கொள்ளுங்கள் என்றது. நூலை நம்புகிறவர்கள் அல்லவா நாங்கள்? நீலத் தார்ப்பாய் ஒன்றை வாங்கி வந்து, நான்கு மூலைகளிலும் செங்கல் வைத்து, பெருமையுடன் மூடினோம். பத்தே நாட்களில் தெரு முழுவதும் அழுகிய முட்டையின் வாடை. தார்ப்பாயை விலக்கியபோது குப்பை கறுத்த கூழாகி மிதந்துகொண்டிருந்தது.

அடுத்த வீட்டு ஆயா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மனைகள் வருமுன் இப்பகுதியில் ஏரித் தண்ணீரில் நெல் பயிரிட்ட குடும்பம் அவர்களுடையது. "நீங்க மேல மூடுறீங்க. தண்ணி கீழருந்து இல்ல வருது? ஐப்பசி பொறந்தா குழில எவனாச்சும் கொட்டுவானா தம்பி? மேட்டுல போடுங்க" என்றார். சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்தச் சொல்லின் பின்னே போனதில் விளைந்ததே இக்கட்டுரை.

முதலில் 'குப்பை' என்ற சொல்லையே பார்ப்போம். இன்று அது இகழ்ச்சிச் சொல். பிடிக்காத நாவலை நாமே அப்படித்தான் அழைக்கிறோம். ஆனால் சங்க இலக்கியத்தில் குப்பை என்பது வெறுங்குவியல். உப்பும் நெல்லும் குவிந்து கிடந்தாலும் குப்பைதான். குவித்து வைக்கப்பட்டது எதுவோ அது குப்பை. எறியப்பட்டது என்ற பொருள் பிற்பாடு ஏறியது. ஆயர் ஊரின் நடுவே மாடுகளின் சாணம் உலர்ந்து பூந்தாதுபோல் துகளாகிக் கிடந்த பொதுவிடத்தைத் 'தாதெரு மன்றம்' என்று அழைத்த மொழி இது. வள்ளுவரும் உழவு அதிகாரத்தில் ஏர் உழுவதைக் காட்டிலும் எரு இடுவதை உயர்த்திச் சொல்கிறார். அதற்கு முந்தைய குறளிலேயே, புழுதியை நன்கு உலர்த்தினால் ஒரு பிடி எருவும் தேவையில்லை என்கிறவரும் அவர்தான். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில் உழவரின் அனுபவம் தெரிகிறது. எரு அரிதாகக் கிடைத்த பொருள். எல்லோருக்கும் போதுமானதாக அது என்றும் இருந்ததில்லை.

ஏன் போதவில்லை என்ற கேள்வியை ஆங்கில அரசு மிகத் தாமதமாகக் கேட்டது. 1889இல் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலாளரை இந்தியாவுக்கு அனுப்பியது. அவருடைய அறிக்கை 1893இல் வெளிவந்தது. சாணத்தை எரித்துவிடுகிறார்களே இந்த அறிவிலிகள் என்ற வழக்கமான வசை அப்போது அதிகாரிகளிடையே உலவிக்கொண்டிருந்தது. வோல்க்கர் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, விறகு கிடைக்காததால்தான் வறட்டி எரிகிறது, ஆகவே விறகுக்குக் காடு வளருங்கள் என்று எழுதினார். உழவனுக்கு அறிவு புகட்ட வந்த ஆய்வாளர் அரசுக்கு அறிவு சொல்லிவிட்டுப் போனார் எனலாம். இங்கே சைதாப்பேட்டையில் 1868இலேயே ஒரு வேளாண் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. 1906இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, பின்னாளில் வேளாண் பல்கலைக்கழகமாக வளர்ந்தது அதுவே. தாம்பரம் மின்ரயிலில் சைதாப்பேட்டையைக் கடப்பவர்களில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்குமோ தெரியாது.

நிற்க. நம் கதையின் முதன்மை மனிதர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905இல் பிஹாரின் பூசாவிலுள்ள வேளாண் ஆய்வு நிலையத்துக்குத் தாவரவியலாளராக வந்தார். அவர் மனைவி கேப்ரியலும் தேர்ந்த தாவரவியலாளரே. ஹோவர்டின் பெயரில் வழங்கும் பணியில் அவருக்குள்ள பங்கை நூல்கள் இரண்டு வரியில் கடந்துவிடுவது எங்களுக்கு ஒப்பாத ஒன்று. 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருவரும் ஒரு நிலையத்தைக் கட்டி நடத்தினர். 1930இல் கேப்ரியல் இறந்தார். உழவர்களையும் பயிர்ப் பூச்சிகளையும் தம் ஆசிரியர்களாக ஏற்றதாகப் பின்னாளில் ஹோவர்ட் எழுதினார். அவருக்கு முன்னே சீனமும் கொரியாவும் ஜப்பானும் சுற்றிவந்த எஃப். எச். கிங் என்ற அமெரிக்கரின் நூல் 1911இல் வெளிவந்திருந்தது. அதையும் ஹோவர்ட் கருத்தூன்றிப் படித்திருந்தார்.

யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளருடன் சேர்ந்து ஹோவர்ட் 1931இல் வெளியிட்ட சிறு நூல்தான் 'இந்தூர் முறை'யை உலகறியச் செய்தது. முறை எளிது. செடிகொடிக் கழிவுகளை மாட்டுத் தொழுவத்தில் படுக்கையாகப் பரப்புவார்கள். மூத்திரம் ஊறிய அந்தக் கழிவையும் சாணத்தையும் மூத்திரம் ஊறிய மண்ணையும் அடுப்புச் சாம்பலையும் அடுக்கடுக்காகக் குழியில் இடுவார்கள். நீர் தெளித்து, மூன்று முறை புரட்டினால், ஏறத்தாழ மூன்று மாதத்தில் எரு. குழி முப்பதடி நீளம், பதினான்கடி அகலம். ஆழம் மட்டும் இரண்டு மூன்று அடிக்கு மேல் போகாது. உள்ளே காற்றுப் புக வேண்டும் என்பதே காரணம்.

எங்களை நாற்காலியிலிருந்து எழுப்பிய பகுதி வேறு. மழைக்காலத்தில் குழி வேண்டாம், தண்ணீர் தேங்கிக் காற்று அற்றுவிடும். தரைக்கு மேல் எட்டடிச் சதுரத்தில் இரண்டடி உயரக் குவியலாகப் போடுங்கள் என்கிறது அம்முறை! ஆயா மதிலுக்கு அப்பாலிருந்து சொன்னதும் இதுதான். இந்தூர் நூலை ஆயா படித்திருக்க வழியில்லை. ஆயாவைப் போன்றவர்களிடம் ஹோவர்ட் படித்திருக்க வழியுண்டு.

அப்படியானால் எங்கள் பழைய புத்தகக் கடை நூலில் அந்த வரி எங்கே போயிற்று? ஹோவர்ட் இங்கிலாந்து திரும்பி எழுதிய பெருநூல் 1940இல் வந்தது. அதைப் படித்துக் கிளர்ச்சியுற்ற ஜே. ஐ. ரோடேல் 1942இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து ஓர் இயற்கை வேளாண் இதழைத் தொடங்கினார். அங்கிருந்துதான் கூட்டெரு வீட்டுத் தோட்டக்காரர்களின் கைக்கு வந்தது. பென்சில்வேனியாவில் தோட்டக்காரனின் எதிரி உறைபனி. ஆகவே போர்த்துதல், வைக்கோல் கட்டுகளால் அணைத்தல், வேனிலுக்குக் காத்திருத்தல் எனப் புது விதிகள் முளைத்தன. பருவமழை என்ற ஒன்றையே காணாத ஊரில் மழைக்கால மேட்டுக்கு வேலையில்லை; அது உதிர்ந்துபோயிற்று. மத்திய இந்தியாவிலிருந்து கிளம்பிய அறிவு, கடல் கடந்து, பனிச் சட்டை அணிந்துகொண்டு, எங்கள் கைக்கே திரும்பி வந்து சேர்ந்தது. நாங்களும் இரும்புலியூர்க் கொல்லைக்கு அதே சட்டையை மாட்டிவிட்டோம்!

இரும்புலியூரில் குளிர் என்ன பெரிய குளிர்? சென்னையில் 1895 டிசம்பரில் 13.9 பாகை செல்சியசுக்கு இறங்கியதையே நூற்றாண்டு கடந்தும் பேசிக்கொண்டிருக்கிறோம். சராசரி மார்கழி விடியலில் வெப்பம் இருபதுக்குக் கீழே செல்வது அருமை. மட்கு நுண்ணுயிர்களுக்கு அது ஒரு பொருட்டே அன்று. சருகும் பச்சைக் கழிவும் சரியான அளவில் கலந்து, பிழிந்த துணியளவு ஈரத்துடன் இருந்தால் குவியலின் உள்ளே வெப்பம் அறுபது பாகைக்கும் மேலே ஏறும். பின்னொரு மார்கழியில், திருப்பாவை ஒலிபெருக்கியில் ஒலிக்கும் வேளையில் மேட்டைப் புரட்டியபோது வெண்ணாவி எழுந்தது. கை வைத்தால் சுட்டது. எங்களில் ஒருவர் அதில் முட்டை அவிக்கலாமா என்று கேட்டார். விடை சொல்லாமல் நகர்ந்தோம்.

இதிலே ஓர் இக்கட்டு உண்டு. வெப்பம் தங்கக் குவியலுக்குப் பருமன் வேண்டும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் மூன்றடிக்குக் குறைந்தால் உண்டான சூடு பக்கவாட்டில் கசிந்துவிடும். உதகையில் சனவரி உறைபனி புல்லை வெளுக்கச் செய்யும்போது சிறு குவியல்கள் அயர்ந்து கிடப்பதும் அதனால்தான். மாடில்லாத, நால்வர் மட்டுமே உண்ணும் சிறுவீட்டில் அவ்வளவு பொருளை ஒரே நேரத்தில் சேர்ப்பது எங்ஙனம்? மார்கழிக் கோலத்தின் நடுவே பூசணிப்பூச் செருகப் பிடிசாணம் வாங்கவே தெருத்தெருவாக அலைய வேண்டியிருக்கிறது இன்று. புரட்டாசி முடியுமுன் சருகுகளை மூட்டை கட்டி மழைபடாமல் வைத்துக்கொண்டதுதான் எங்களைக் காப்பாற்றியது. மழைக்காலத்தில் சமையலறைக் கழிவுக்குக் குறைவில்லை. அகப்படாதது காய்ந்த பொருள். ஒரு கை ஈரக் கழிவுக்கு இரண்டு கை சருகு என்ற கணக்கில் போடுகிறோம். மேட்டின் அடியில் ஓட்டுச் சில்லும் தென்னை மட்டையும் பரப்பியிருக்கிறோம். தார்ப்பாயும் வீணாகவில்லை. அதை மேட்டின் மேல் போர்த்தாமல், நான்கு கழிகளில் கூரையாகக் கட்டிவிட்டோம்.

கடினமான ஒன்றையும் சொல்லாமல் கடக்க முடியாது. எருவின் வரலாற்றை இனிய மரபுக் கதையாக எழுதுவது எளிது. பலர் எழுதுகிறார்கள். ஆனால் குப்பையை யார் சுமந்தார்கள் என்ற கேள்வி அதிலே விடுபட்டுவிடுகிறது. இந்தூர் முறைக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1939இல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா நகரங்களுக்கென ஒரு முறையை வகுத்தார். நகரக் குப்பையையும் மனிதக் கழிவையும் அகழியில் அடுக்கி, மண்ணால் பூசி மூடிவிட்டால், புரட்டாமலே ஆறு முதல் எட்டு மாதத்தில் எரு கிடைக்கும். அறிவியல் நோக்கில் அருமையான முறை. ஆனால் அகழி வரை அந்தக் கழிவு தானாக நடந்து போகவில்லை. பிறப்பால் அவ்வேலைக்கு ஒதுக்கப்பட்டவர்களின் தலையிலும் கூடையிலும்தான் போயிற்று. கிங் தம் நூலில் ஒரு செய்தி தருகிறார்: 1908இல் ஷாங்காய் நகரின் பன்னாட்டுக் குடியிருப்பு 78,000 டன் மனிதக் கழிவை எடுத்துச் செல்லும் உரிமையை ஒரு சீன ஒப்பந்தக்காரருக்கு 31,000 டாலருக்கு விற்றது. அங்கே எடுப்பவர் நகருக்குப் பணம் கொடுத்தார். இங்கே எடுத்தவருக்குக் கிடைத்தவை சொற்பக் கூலியும் தீண்டாமையும். உலர்கழிப்பிடங்களையும் கையால் மலம் அள்ளுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993 வரை வரவில்லை. அது போதாமல் 2013இல் இன்னொன்று தேவைப்பட்டது.

காந்தி இந்த முடிச்சை அறிந்திருந்தார் என்றே கருதுகிறோம். 1947 டிசம்பரில் மீராபென்னின் முயற்சியால் தில்லியில் அகில இந்தியக் கூட்டெரு மாநாடு ஒன்று கூடியது. இராசேந்திர பிரசாத் தலைமை தாங்கினார், ஆச்சார்யாவும் கலந்துகொண்டார். நாடு பிளவுண்டு, அகதிகள் தில்லிக் குளிரில் கூடாரங்களில் நடுங்கிக்கொண்டிருந்த மாதம் அது. அந்த நேரத்தில் எருவைப் பற்றி மாநாடா என்று இன்று வியப்பாக இருக்கிறது. காந்தியோ அதைப் பற்றி 'ஹரிஜன்' இதழில் எழுதினார். அது வெளிவந்த ஒரு மாதத்தில் அவர் இல்லை. ஹோவர்ட் அதே 1947இன் அக்டோபரில் இறந்திருந்தார்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். ஹோவர்டின் நூல் வெளிவந்த அதே 1931இல்தான் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதை அறிவோம். ஆயினும், எருக்குழிக்கு உலகப் புகழ் கிடைத்த ஆண்டிலேயே எருக்குழிகளைத் தூர்க்கப்போகும் வண்டியும் புறப்பட்டது என்று எண்ணிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு கசந்த மகிழ்ச்சி. ரயிலைத் தொடர்ந்து மனைகள் வந்தன. ஏரிகளின் கீழிருந்த நிலங்கள் வீட்டு மனைகளாயின. கொல்லைகள் சிமெண்டுத் தரைகளாயின. குழி போன பின்னும் குப்பை போகவில்லை. தென்சென்னையின் குப்பை பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் பெருங்குடியில் மலையாயிற்று. தாம்பரத்தின் குப்பை கன்னடபாளையத்தில் பல ஆண்டுகள் குவிந்தது. பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் ஓரத்தில் கிடந்த பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கப் பெரும் பொருட்செலவில் பணி தொடங்கவேண்டியதாயிற்று. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஒரு முழத்தில் அடங்கியிருக்கக்கூடியதைத்தான் அங்கே எந்திரம் வைத்துத் தோண்டினார்கள்.

இப்பகுதியிலேயே மாற்றுவழி தேடியவர்களும் உண்டு. 1989இல் எம். பி. நிர்மல் சென்னையில் எக்ஸ்னோராவைத் தொடங்கினார். 1990களில் பம்மல் சங்கர நகரில் மங்களம் பாலசுப்பிரமணியனும் அவர்தம் மகளிர் மன்றத்தினரும் வீடுவீடாகக் குப்பையைத் தரம் பிரித்து வாங்கி மண்புழு உரமாக்கத் தலைப்பட்டனர். அரசு விதிகள் வருமுன்னரே இது நடந்தது. அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாகவே 2000ஆம் ஆண்டின் நகரத் திடக்கழிவு விதிகள் வந்தன. பம்மலும் இரும்புலியூரும் 2021 நவம்பரில் ஒரே தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டதால் அம்மகளிரை இப்போது எங்கள் ஊர்க்காரர்கள் என்று உரிமை கொண்டாடுகிறோம்.

மண்புழு என்றதும் சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயிலை நினைக்காமல் இருக்க முடியாது. வெளிநாட்டுப் புழுக்களை இறக்குமதி செய்யும் மோகம் பெருகிய காலத்தில், நம் மண்ணிலேயே வாழும் இனங்களே போதும் என்று ஆய்ந்து காட்டியவர் அவர். சிறுகொல்லைக்குப் புழுவே ஏற்ற துணை என்பது எங்கள் அனுபவமும் ஆகும். அதற்குப் பருமன் தேவையில்லை, சூடுதான் ஆகாது. ஆகவே மேட்டின் சூடு தணிந்தபின் மண்தொட்டிக்கு மாற்றி, அங்கே புழுக்களிடம் விட்டுவிடுகிறோம். ஆனால் தொட்டியின் அடியில் துளை அடைத்துக்கொண்டால் ஒரே இரவில் அவை அத்தனையும் வெளியேறிவிடும். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை பெய்தது. அன்று புழுக்களை யார் நினைத்தார்கள்? மனிதர்களே மாடியேறி நின்றார்கள். வடிந்தபின் பார்த்தால் குழியும் கொல்லையும் வேறுபாடின்றி ஒரே சேறு.

போகியைப் பற்றியும் ஒரு சொல். 2018 போகியன்று புகையும் பனியும் கலந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் தடுமாறின. எங்கள் தெருவில் பாயும் தென்னங்கீற்றும் சருகும் இன்றும் எரிகின்றன. சென்ற போகியின் முந்தைய நாள் வீடுவீடாகப் போய்ச் சருகை மட்டும் எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டோம். ஏழு மூட்டை கிடைத்தது. ஒரு வீட்டில் சருகுடன் பழைய வார இதழ்க் கட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அதை மட்க விட மனமின்றிப் பிரித்துப் படித்ததில் அன்றைய வேலை கெட்டது.

மாட்டுப்பொங்கலன்று ஆயா தம் அவரைப் பந்தலுக்கு இரண்டு கூடை எரு கேட்டார். மேட்டின் அடியிலிருந்து கறுத்து உதிர்ந்ததாகப் பார்த்துச் சலித்து, கூடையில் நிரப்பி, மதிலுக்கு மேலாக நீட்டினோம். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தார். ஒரு முருங்கைக் காம்பைப் பொறுக்கியெடுத்துக் காட்டினார். "இன்னும் ஒரு மாசம் வுடுங்க" என்று கூடையைத் திருப்பித் தந்துவிட்டார்.